தாளில் இருந்த மகன்

பூனாகலையிலிருந்து பதுளை வந்து சேரும்வரை மாரிசாமி பஸ்ஸில் உட்காரவே இல்லை. கண்டக்டர் காலி இடத்தைக் காட்டியபோதும், "இருக்கட்டுங்க, உக்காந்தா கால் மரத்துப் போவும்" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கால் மரத்துப்போகிற கவலையெல்லாம் அவனுக்கு இல்லை. உட்கார்ந்தால் பக்கத்தில் தங்கச்சி கருப்பம்மா இருப்பாள். முன்னால் அவள் மகன் நல்லையாவும் தன் மகள் பாக்கியலெட்சுமியும் இருப்பார்கள். ஏதாவது பேச வேண்டிவரும். அதுதான் பயம்.

விஷயம் இதுதான். தேயிலைத் தோட்டத்து ஆட்களை இலங்கையும் இந்தியாவும் பங்கு போட்டுக்கொண்டதில், மாரிசாமிக்கு இந்தியாவுக்குப் போக வேண்டும் என்று கடுதாசி வந்துவிட்டது. தை பிறந்ததும் தலைமன்னாரில் கப்பல் ஏற வேண்டும். பெண்டாட்டி செத்து வெகுகாலம் ஆகிறது. கருப்பம்மாவுக்கோ, செத்துப்போன புருஷன் எப்போதோ போட்டுவைத்த மனு பலித்து, இலங்கைப் பிரஜை என்று பத்திரம் கிடைத்திருந்தது. நல்லையா யார் பக்கம்? தோட்டத்து லயத்து வீடுகளில் எந்தப் பொடிசைக் கேட்டாலும் சொல்லும், அவன் கருப்பம்மா மகன், மாமன் மகளைக் கட்டப்போகிறவன் என்று. அரசாங்கத்துத் தாளில் மட்டும் அவன் மாரிசாமியின் மகன்.

தாளில் அப்படி ஏற்றியதும் மாரிசாமியேதான். ஹல்துமுல்லைப் பக்கத்தில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, இடுப்பில் பிள்ளையோடு கருப்பம்மா அண்ணனுடைய லயத்துக்கு வந்து சேர்ந்தாள். அந்த வருஷம் ஐம்பத்து மூன்று. ஆள் கணக்கு எடுக்க வந்தார்கள். அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் அந்தத் தோட்டத்தில் பிள்ளைகளுக்கு அரிசி போடுவார்கள். வேறு தோட்டத்திலிருந்து வந்தவள் பிள்ளைக்கு ஒரு மணி அரிசி கிடையாது. "பையன் யாரு?" என்று கணக்கெடுக்க வந்தவர் கேட்டார். "நம்ம மூத்தவன்தாங்க" என்றான் மாரிசாமி. பச்சைப் பொய். ஆனாலும் சொன்னபோது அவனுக்கு இனித்தது. பெண்டாட்டிக்கு ஒரு பெண்ணோடு நின்றுபோயிருந்தது. ஆண்பிள்ளை இல்லாதவனுக்கு அரசாங்கமே ஒரு மகனை எழுதிக் கொடுத்தால் கசக்கவா செய்யும்?

பிற்பாடு அந்தத் தாளை வைத்தே இந்தியப் பிரஜை ஆவதற்கான மனுவும் எழுதப்பட்டது. தாள் அப்படியே இருந்தால் நல்லையாவும் பாக்கியமும் அவனோடு கப்பல் ஏறுவார்கள், கருப்பம்மா இங்கே ஒற்றையாய்க் கிடப்பாள். நல்லையா என் மகன் இல்லை என்று சொல்லிவிட்டால் அவன் தாயோடு இருப்பான், பாக்கியத்தையும் கட்டி இங்கேயே வைத்துக்கொள்வான். மாரிசாமி ஒற்றையாய்ப் போவான். அண்ணன் தங்கச்சி இரண்டு பேரில் யார் ஒற்றை என்று அவன்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

பதுளைக் கச்சேரியில், அதாவது அரசாங்க ஆபீசில், கிளார்க் ஹாஷிம் தாளைப் பார்த்தார், ஆட்களைப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"கல்யாணம் பதியோணும் எண்டு செல்றீங்க. இதுல ரெண்டு பேரும் உங்கட பிள்ளைகள். அண்ணனுக்கும் தங்கச்சிக்குமா கல்யாணம்? அல்லாவே! இதுல நான் கை வெச்சா என்ட வேல போயிரும்."

பாக்கியம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தை மகனை அண்ணன் ஆக்கியதில் அவளுக்குச் சிரிப்பு. நல்லையா சிரிக்கவில்லை. அவன் மாமனையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நீங்களே செல்லுங்க மாரிசாமி. இவர் உங்கட மகனா, இல்லியா?"

"கொஞ்சம் இருங்கய்யா, வெத்தில துப்பிட்டு வந்துர்றேன்."

வாயில் வெற்றிலையே இல்லை. வெளியே வந்து படிக்கும் தண்ணீர்க் குழாய்க்குமாக நடந்தான். வேட்டி காலைத் தடுத்தது, அதையும் திட்டினான். கருப்பம்மா பின்னாலேயே வந்தாள்.

"என்னாண்ணே இப்படி அலையிற? செத்த உக்காரு."

"நீ ஒண்ணுஞ் சொல்லாத."

"நா என்னா சொல்லப்போறேன். சோறு போட்டு வளத்தவன் நீ. தாளுல உள்ளபடியே கூட்டிட்டுப் போ. நா இருந்துக்குவேன்."

மாரிசாமிக்கு வந்தது ஆத்திரம். என் பிள்ளையை விட்டுவிட்டுப் போ என்று அவள் மல்லுக்கு நின்றிருந்தால், மாட்டேன் போடி என்று இவனும் முறுக்கிக்கொண்டு ஜெயித்திருப்பான். இப்படித் தழைந்து பேசுகிறவளை என்ன செய்வது?

"வாயப் பொத்து! பெரிய தர்மப்பிரபு! இருந்துக்குவாளாம்! இடி இடிச்சா இன்னமும் எம் முதுகுக்குப் பின்னால வந்து ஒளியிறவ, நீ தனியா இருந்துக்குவ!"

சொல்லி முடித்ததும் தன் நினைப்பு வந்தது. இந்தியாவில் அவனுக்கு யார் இருக்கிறார்கள்? அப்பன் சொன்ன ஒரு ஊர்ப் பெயர் தெரியும், அவ்வளவுதான். அங்கே போய் யார் வாசலில் நிற்பது? மகனும் மகளும் கூட வந்தால் எந்தச் சீமையிலும் பிழைத்துக்கொள்ளலாம். இன்னொரு முறை குழாய்வரை நடந்தான். திரும்பி விறுவிறுவென்று உள்ளே போனான், நின்றால் மனசு மாறிவிடும் என்று.

"எழுதிக்குங்கய்யா. அவன் எம் மகன் இல்ல. இந்தா, எந் தங்கச்சி மகன். அன்னைக்கு அரிசிக்காகச் சொன்னேன்."

அரிசிக்காக மட்டும் இல்லை என்பதை அவன் சொல்லவில்லை.

ஹாஷிம் அடிமட்டத்தையும் சிவப்பு மையையும் எடுத்தார்.

"கோடு போடாம எழுத முடியாதுங்களா?"

"ஏலாது. இங்க அடிச்சாத்தான் தாய்ட பக்கம் ஏறும்."

நல்லையாவின் பெயர்மேல் கோடு விழுந்தது. அடுத்து, கட்டிக்கொண்டு போகிறவள் என்று பாக்கியத்தின் பெயர்மேலும் விழுந்தது. பெண்டாட்டியின் பெயர் முன்னமே அடிபட்டுக் கிடந்தது. "மாமா" என்று நல்லையா அவன் கையைப் பிடித்தான். மாரிசாமி கையை உதறிக்கொண்டான். அந்த நேரத்தில் யாராவது தொட்டால் அழுதுவிடுவான்.

"இப்ப உங்கட பேர் மட்டும்தான் மிச்சம்" என்றார் ஹாஷிம். "குடும்பத் தலைவர் எண்டு இரிக்கி. தனி ஆள் எண்டு மாத்தவா?"

"வேணாங்கய்யா. தலைவர்னே இருக்கட்டும்."

"கீழ ஒருத்தரும் இல்லியே?"

"இருக்காங்கய்யா. பின்னால நிக்கிறாங்க."

ஹாஷிம் நிமிர்ந்து பார்த்தார். கருப்பம்மா, பிள்ளைகள் இரண்டு பேரையும் பிடித்துக்கொண்டு, அண்ணன் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவர் அந்த வரியை அப்படியே விட்டுவிட்டு, பெருவிரல் வைக்க மைப் பெட்டியை நகர்த்தி வைத்தார்.