தண்டுக்கு அடியில்

…தண்டு என் இடது தோளில் இறங்குகிறது, வருஷக்கணக்காகக் கருட வாகனத்தின் பாரம் அழுத்தி அழுத்தி எலுமிச்சம்பழம் அளவுக்குத் திரண்டுபோன காய்ப்பு அங்கே, முதலில் பெருமாளை அதுதான் வாங்கிக்கொள்ளும், பிறகுதான் நான், எதிரே தெரிவதெல்லாம் தீவட்டிக்காரரின் குதிகாலும் ஈரம் காயாத கோலமும், கோவிந்தா என்று ஊரே கத்துகிறது, கண்ணைத் திறந்தால் தண்டு இல்லை, என் மனைவி செங்கமலத்தின் உள்ளங்கை, தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறாள், எழுந்திரிங்க, மேளம் கேக்குது, பெருமாள் நம்ம தெருவுக்குத் திரும்பிட்டாரு. நான் எங்கே எழுந்திருப்பது, ஆடி மாதம் கிணற்றடியில் ஒரு குடம் தண்ணீரைத் தூக்கக் குனிந்தவன், கருடனையே தூக்கின உடம்பு, ஒரு குடத்துக்கு முன்னால் மடங்கி விழுந்தேன், இடது பக்கம் அன்றோடு செத்துவிட்டது. எங்கள் வீட்டு வாசலில்தான் தெரு சரியும், இடது முன்தண்டுக்காரன் அசந்தால் வாகனம் சாய்ந்துவிடும், அது என் இடம், நான் இல்லேன்னா கருடன் இங்கே தாண்டாது என்று மார்தட்டுவேன், ஆமாமா, கோபுரத்தைப் பொம்மைதானே தாங்குது என்று சிரிப்பாள் செங்கமலம், ஒரு நாள் கேட்டாள், இவ்வளவு கிட்டத்துல இருக்கீங்களே, அவருகிட்ட என்ன வேண்டிக்குவீங்க, வேண்டுறதா, நான் தூக்கலேன்னா அவரே நகரமாட்டாரு, அவருகிட்ட நான் என்னத்தைக் கேக்கிறது என்றேன்.

வாசல் நாற்காலியில் என்னைச் சாய்த்து உட்கார வைக்கிறாள், அதோ கருடன், என் தண்டுக்கு அடியில் தயிர்க்காரர் சாரநாதன், ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு, சரிவில் கால் வைக்கிறார், சாயட்டும் என்று நினைக்கிறேன், ஐயோ, நினைக்கிறேன், பெருமாளே ஒரு விரல்கடை சாய்ந்துகொடு, அவன் இல்லாத குறை தெரிகிறதே என்று ஒருவராவது சொல்லட்டும், வாழ்நாளில் நான் அவரிடம் கேட்ட முதல் வரம் அதுதான், இதை எழுதும்போதும் உடம்பெல்லாம் கூசுகிறது.

சாயவில்லை. ஆடி அசைந்து, எந்தக் குறையும் இல்லாமல் வந்து, என் வாசலில் நின்றார்கள், சாரநாதன் மூச்சு வாங்கியபடி என்னைப் பார்க்கிறார், அண்ணே, உங்க இடமாச்சேன்னு ஒரே பயம், நீயே வந்துடு சாமின்னு சொல்லிக்கிட்டே வந்தேன், வேற ஒண்ணும் தெரியலே. நான் நிமிர்ந்து பார்க்கிறேன், அப்போதுதான் உறைக்கிறது, பெருமாளின் இந்த முகத்தை வீதியில் நான் பார்த்ததே இல்லை, அடியில் நிற்பவனுக்கு முகம் ஏது, எனக்கு அவர் எப்போதும் பாரம் மட்டும்தான், சின்ன முகம், கற்பூர வெளிச்சத்தில், கோபமே இல்லாமல், அந்தக் கோபமின்மைதான் என்னைக் கொல்கிறது, கொஞ்சம் முன்னால் இவர் சாய வேண்டும் என்று கேட்டவன் நான், வெட்கத்தில் தலை தானாகக் குனிகிறது, வலது கை மட்டும் எழுகிறது, ஒற்றைக் கையால் எப்படிக் கும்பிடுவது, செங்கமலம் என் செத்த கையை எடுத்து அதோடு சேர்த்துப் பிடிக்கிறாள்.

கோவிந்தா என்கிறார்கள், தண்டுகள் எழுகின்றன, காய்ப்பு பழக்கதோஷத்தில் பாரத்துக்குக் காத்திருக்கிறது, நாற்காலியில் நான் மெல்ல இடப்பக்கம் சரிகிறேன், அவள் கை வந்து அந்தத் தோளைத் தாங்குகிறது, நகர்ந்து போகிறவரைப் பார்த்து வாய்க்குள் சொல்லிக்கொள்கிறேன், பெருமாளே, சாயறது நான்தான், பிடிச்சுக்கோ.