குறிப்புக் கட்டத்தில் ஒரு சொல்

மன்னார்த் தீவின் இறங்குதுறையிலிருந்து தாராபுரத்துக்கு இந்தப் பக்கம் நிற்கும் எண்ணெய்த் தாங்கிகள் வரைக்கும் மண்ணுக்குள் ஒரு டீசல் குழாய் போகிறது. கடற்கரை மணலும் உப்புக் காற்றும் சேர்ந்தால் இரும்பு என்ன பாடுபடும் என்று மன்னார் ஆட்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. இங்கே வாங்கிய புதுச் சைக்கிள் அடுத்த பெருநாளைக் காண்பதற்குள் கறள் பிடித்துவிடும். அதனால்தான் சட்டம் ஒன்று இருக்கிறது. வாராவாரம் ஓர் ஆள் குழாய் வழியே நடக்கவேண்டும். வழியில் நட்டிருக்கும் ஒவ்வொரு கட்டையிலும் குழாயோடு பிணைத்த வயர் ஒன்று மேலே வரும். அதில் மீற்றரை வைத்து, ஓடும் எண்ணை எழுதவேண்டும். எண் விழுந்தால் அந்த இடத்தில் கறள் தின்னத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

நடந்து எழுதுகிறவன் ஜெகதீபன். அவன் கொண்டுவரும் கடதாசியைக் கணினியில் ஏற்றிக் கையெழுத்து வைத்துக் கோப்பில் போடுகிறவள் இமெல்டா.

இமெல்டா வேலையில் மகா கறார். ஒரு புள்ளி பிசகினால்கூட அந்தக் கடதாசி வந்த வழியே திரும்பிப் போகும். அதேவேளை, களத்தில் எழுதியதில் ஓர் எழுத்தைக்கூட அவளாக மாற்றமாட்டாள். “எழுதினது எழுதினதுதான். திருத்திறதுக்கு நான் ஆர்?” என்பாள். பொறுப்பதிகாரி அலெக்ஸாண்டர் அவளுக்குப் பயந்து தன் விடுமுறைப் படிவத்தைக்கூட இரண்டு தரம் சரிபார்த்துத்தான் கொடுப்பார்.

ஜெகதீபன் ஆறு வயதில் வள்ளத்தில் ஏறி இந்தியாவின் மண்டபம் அகதி முகாமுக்குப் போனவன். முப்பது வருடத்துக்கு மேல் அங்கே இருந்துவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தான். வந்த புதிதில் கடதாசியில் ‘துரு’ என்று எழுதுவான். “இஞ்ச துரு இல்லை. கறள். இந்தச் சொல்லைப் பழகுங்கோ” என்று இமெல்டா சொன்னாள். அவனும் நல்ல பிள்ளையாகப் பழகினான். ஆபீஸைக் கந்தோர் என்றும் நாற்காலியைக் கதிரை என்றும் ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கினான். ஆகவே குறிப்புக் கட்டத்தில் அவன் ‘வடிவு’ என்று எழுதத் தொடங்கியபோது இமெல்டாவுக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. வடிவு என்றால் அழகு. நம் ஊரில் கறியும் வடிவு, காலநிலையும் வடிவு; குழாய் மட்டும் ஏன் வடிவாக இருக்கக்கூடாது? புதுச் சொல் பிடித்துவிட்டது போல, எழுதட்டும் என்று விட்டுவிட்டாள். வாராவாரம் அவன் எழுதினான், வாராவாரம் அவள் தட்டினாள்.

ஒரு வருடம் இப்படிப் போனபின், குழாய்களின் பாதுகாப்பைக் கண்காணிக்கும் ஆணைக்குழுவிலிருந்து அறிவித்தல் வந்தது. உங்கள் குழாயில் ஒவ்வொரு வாரமும் எண்ணெய் கசிவதாக உங்கள் ஆளே எழுதியிருக்கிறார். நீங்கள் ஒரு நடவடிக்கையும் எடுக்கவில்லை. குழாயை ஏன் மூடக்கூடாது என்று கேட்டிருந்தார்கள். அலெக்ஸாண்டருக்குக் கை கால் ஓடவில்லை. கசிவு என்ற சொல்லைத் தேடிக் கோப்பு முழுவதையும் புரட்டினார். எங்கேயும் இல்லை.

விசாரிக்க வந்தவர் நஸார். எருக்கலம்பிட்டியில் பிறந்து, தொண்ணூறில் குடும்பத்தோடு புத்தளத்துக்குப் போய், அங்கே படித்து ஆணைக்குழுவில் பரிசோதகரானவர். கதிரையில் அமர்ந்து மூக்குக்கண்ணாடியை மாட்டி முதல் கடதாசியைப் பார்த்தவர், உடம்பு குலுங்கச் சிரித்தார்.

“யா அல்லாஹ்! உங்கட தலைமைக் கந்தோரில ஆரோ அரைகுறைத் தமிழ்க்காரன் இதை மொழிபெயர்த்து எங்களுக்கு அனுப்பியிருக்கிறான். வடியிறதால வடிவாம். வடிவு எண்டால் கசிவாம்!”

அலெக்ஸாண்டரும் சிரித்தார். அவருக்குப் போன உயிர் திரும்பி வந்திருந்தது. தேத்தண்ணிக்குச் சொல்லி அனுப்பினார். கதவடியில் நின்ற ஜெகதீபன் மட்டும் சிரிக்கவில்லை. இமெல்டா அதைக் கவனித்தாள்.

நஸார் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே கடதாசிகளைப் புரட்டினார். புரட்டப் புரட்டச் சிரிப்பு குறைந்தது.

“தம்பி, மாசி மாசம் ஏழாம் கட்டையில அளவு விழுந்திருக்கு.”

“ஓம் சேர்.”

“அதை மிஸ் உடன அறிவிச்சு, தோண்டிப் பாத்து, புதுசா உறை சுத்தியிருக்கிறீங்கள். எல்லாம் சரி. ஆனா அந்தக் கிழமையும் குறிப்பில வடிவு எண்டுதான் கிடக்கு. கறள் தின்னுற இரும்பு எப்பிடித் தம்பி வடிவாகும்?”

ஜெகதீபன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

“எல்லாக் கடதாசியிலும் அதே ஒரு சொல். இந்த உத்தியோகத்தில என்ர தலைமயிர் நரைச்சுப் போச்சு. நடக்காமல் வீட்டில குந்தியிருந்து நிரப்புறவன்தான் இப்பிடி ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பி எழுதுவான்.” குரலில் கோபமில்லை, அதுதான் பயமாக இருந்தது. “பொய்ப் பதிவு எண்டு நான் எழுதினால், இந்த வேலை மட்டும் இல்லை, நாட்டில எந்தக் குழாயிலும் உங்களுக்கு வேலை கிடையாது. விளங்குதோ?”

இமெல்டா ஜெகதீபனைப் பார்த்தாள். இந்த வேலை போனால் அவன் மன்னாரில் இருக்கமாட்டான். இங்கே அவனுக்கு வேறு என்ன இருக்கிறது? திங்கட்கிழமைக் காலைகளில் வாசலில் செருப்பு மணலை உதறும் அந்தச் சத்தம் இனிக் கேட்காது என்று நினைத்தபோது, அந்தச் சத்தத்துக்காகவே தான் திங்கட்கிழமைகளில் நேரத்தோடு வந்துகொண்டிருந்தது அவளுக்கு விளங்கியது. நாற்பத்தொரு வயதில், இன்னோர் ஆளின் விசாரணைக்கு நடுவில் விளங்கவேண்டிய விசயமா இது!

“அவர் நடக்கிறவர் சேர்,” என்று எழுந்துவிட்டாள். “கழுதையள் முட்டிக் கட்டை சரிஞ்சது, பக்கத்துக் காணிக்காரர் குழாய்க்கு மேல பனங்கொட்டை புதைச்சது எல்லாம் வந்து சொல்லுறவர்.”

“நீங்கள் கூடப் போய்ப் பாத்தனீங்களோ மிஸ்?”

“இல்லை.”

“அப்ப இருங்கோ.”

கதிரையில் திரும்ப இருந்தாள். நஸார் ஒரு கடதாசியை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “எண்கள் எல்லாம் நீலம். வேர்வை பட்டு ஊறியிருக்கு. வெளியில நிண்டு எழுதினதுதான், ஒத்துக்கொள்ளுறன். இந்த வடிவு மட்டும் பச்சை மை. இது எந்தப் பேனை?”

பச்சைப் பேனை இமெல்டாவின் மேசையில், நூலில் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது.

“அப்ப இந்தச் சொல்லை வெளியில எழுதேல்லை. இஞ்ச கந்தோருக்குள்ள வந்து நிண்டு எழுதியிருக்கிறீங்கள்.”

“ஓம் சேர்.”

“ஒவ்வொரு கிழமையும்?”

“ஓம்.”

“கந்தோருக்குள்ள குழாயே இல்லையே தம்பி. என்னத்தைப் பாத்து எழுதினனீங்கள்?”

ஜெகதீபன் சுவரைப் பார்த்தான், நாட்காட்டியைப் பார்த்தான், தன் செருப்பைப் பார்த்தான். பயம் வந்தால் அவன் நாக்கு மண்டபத்துக்கே திரும்பிப் போய்விடும்.

“மிஸ்ஸப் பாத்துதான் எழுதுனேன் சார்.”

அலெக்ஸாண்டர் தேத்தண்ணிக் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். நஸார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

இமெல்டாவுக்கு முதலில் வந்தது கோபம்தான். மண்ணெண்ணெய் அடுப்பு வெடித்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. வலது கன்னத்திலிருந்து கழுத்து வரைக்கும் தோல் உருகிச் சுருங்கிப்போனது. பேசிவைத்திருந்த கலியாணம் அந்த மாதமே நின்றது. அதற்குப் பிறகு அவளைக் கெட்டிக்காரி என்றார்கள், பொறுமைசாலி என்றார்கள், கடவுள் வேறு விதமாகக் கொடுத்திருக்கிறார் என்றார்கள். இந்தச் சொல்லை மட்டும் ஒருவரும் அவள் பக்கம் திருப்பவில்லை. திருப்பினால் அது கேலியாக, பகிடியாகத்தான் இருக்கும் என்று அவளும் முடிவு கட்டியிருந்தாள்.

“என்னை வைச்சுப் பகிடி பண்ணினனீங்களோ?”

“இல்லை மிஸ்.” அவன் முதல் தடவையாக நிமிர்ந்தான். “நேர சொன்னால் பகிடி எண்டுதான் நினைப்பீங்கள் எண்டு பயம். எழுதித் தந்தால் நீங்கள் ஓர் எழுத்தும் மாத்தாமல் அடிப்பீங்கள். ஏன் எண்டு கேப்பீங்கள், அப்ப சொல்லலாம் எண்டு முதல் கிழமை நினைச்சனான். நீங்கள் கேக்கேல்லை. அடுத்த கிழமையும் எழுதினன். பிறகு அது பழகிப்போச்சு. கிழமைக்கு ஒருக்கா உங்கட கையால நீங்களே அந்தச் சொல்லை அடிக்கிறதைப் பாத்துக்கொண்டு நிண்டால் எனக்கு அதுவே காணும், வேற ஒண்டும் வேண்டாம் போல இருந்துது.”

இமெல்டா மேசையில் கிடந்த கடதாசிகளைப் பார்த்தாள். ஒரு வருடமாகத் தன்னைப் பற்றித் தானே எழுதிக் கையெழுத்தும் வைத்திருக்கிறாள். ஊரில் எந்தக் கடதாசியையும் இரண்டு தரம் பார்க்கிறவள், தனக்கு வந்த ஒரு சொல்லை ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை. அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டாள்.

நஸார் தொண்டையைச் செருமினார். சட்டத்தின் ஆள் அல்லவா, அவருக்கு அவருடைய வேலை இருந்தது.

“தம்பி, பாதுகாப்புப் பதிவில குழாய்க்குச் சம்பந்தமில்லாத சொல் எழுதினது பிழை. அதுக்கு எழுத்தில எச்சரிக்கை தருவன், வாங்கத்தான் வேணும். ஆனா பொய்ப் பதிவு எண்டு எழுதமாட்டன், ஒரு நிபந்தனையோட. இந்தச் சொல் எதைப் பற்றினது எண்டு ஒரு விளக்கம் கோப்பில சேரவேணும். பதிவுக்குப் பொறுப்பானவர் அது உண்மை எண்டு உறுதிப்படுத்திக் கையெழுத்து வைக்கவேணும்.”

“அந்த வடிவுகளை வெட்டிவிடலாமே சேர்?” என்றார் அலெக்ஸாண்டர். நல்ல மனுசன், இமெல்டாவுக்காகக் கூச்சப்பட்டுத்தான் கேட்டார்.

“வெட்ட ஏலாது. கறள் பதிவில ஒண்டையும் அழிக்கக்கூடாது. குழாய் மண்ணுக்குள்ள கிடக்கிற காலம் முழுக்க இது கோப்பில கிடக்கவேணும். அதுதான் விதி.”

ஒரு வெள்ளைக் கடதாசியை எடுத்து அவரே எழுதினார். ‘குறிப்புக் கட்டத்தில் காணப்படும் வடிவு என்ற சொல் குழாயின் நிலைமையைக் குறிப்பதன்று. அது பதிவாளர் செல்வி இமெல்டாவைக் குறிப்பது. இது உண்மையென உறுதிப்படுத்துகிறேன்.’ எழுதி முடித்து அவள் பக்கம் தள்ளினார். “யோசிச்சு வையுங்கோ மிஸ். கட்டாயமில்லை. ஆனா நீங்கள் வைக்காட்டி எனக்கு வேற வழியில்லை.”

இமெல்டா அதைப் படித்தாள். அவனைக் காப்பாற்றக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்து வைத்துவிடலாம், ஒரு கையெழுத்துத்தானே. ஆனால் உண்மை என்று நம்பாத ஒன்றின் கீழே அவள் இதுவரை பேர் எழுதியதில்லை. இதை நம்புகிறாளா? அதுதான் கேள்வி. அந்த அறையில் அவளைத் தவிர வேறு யாராலும் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

“சேர், சந்தேகமான அளவை என்ன செய்யவேணும் எண்டு விதி சொல்லுது?”

நஸாருக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. “பதிவுக்குப் பொறுப்பானவருக்கு முன்னால திரும்ப எடுக்கவேணும்,” என்றார் மெதுவாக.

இமெல்டா எழுந்து யன்னலடிக்குப் போனாள். அங்கேதான் வெளிச்சம் நேராக விழும். கழுத்தைச் சுற்றியிருந்த சால்வையை எடுத்துக் கதிரையில் போட்டாள். வலது கன்னத்தை வெளிச்சத்துக்குக் காட்டி ஜெகதீபனுக்கு நேரே நின்றாள்.

“வடிவாப் பாருங்கோ,” என்றாள். “பாத்திட்டுச் சொல்லுங்கோ.”

அவன் அவசரப்படவில்லை. மீற்றரில் எண் ஆடி அடங்கும்வரை காத்திருந்து பழகிய ஆள். கன்னத்தைப் பார்த்தான், கழுத்தைப் பார்த்தான், கண்ணைப் பார்த்தான். கண்ணைப் பார்த்தபோது அவன் கண் நிறைந்துவிட்டது.

“வடிவு,” என்றான்.

இமெல்டா மேசைக்குத் திரும்பி வந்து கையெழுத்து வைத்தாள்.