மீசை ஆலாவும் வெண்சிறகு ஆலாவும்

காலையில் பால் காய்ச்சி, டீ குடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு பருத்திப்பட்டு ஏரிக்குப் போனேன். எங்கள் பறவைக் குழுவின் பதிவுகளைச் சரிபார்க்கும் ஜாகிர் அங்கே நின்றிருந்தான்.

"மாமே, ரூஹி தங்கச்சி எட்த்த போட்டோ வெண்சிறகு ஆலா இல்ல. அதுக்குக் கறுப்பு, ஹெட்போன் மாட்டுன மாறி காதாண்ட தொங்கும். இதுல கண்ணுலேர்ந்து பின்மண்டைக்கு ஓடுது. சாதா மீசை ஆலா. லிஸ்ட்லேர்ந்து தூக்கிடட்டா?"

"தூக்கிடு" என்றேன்.

என் மனைவி ரூஹி சாவதற்கு முன் பதிவு செய்த ஒரே அரிய பறவை அது. ஆஸ்பத்திரியில் அவள் கேட்டபோது, வெண்சிறகுதான் என்று சொல்லியிருந்தேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். கடைசியாக அவள் பேசியது அப்போதுதான்.

"நான் மவுத்தானதும் மாத்திடுவீங்க, இல்ல மச்சான்?"