மாப்பிள்ளை எழுதிய கட்டுரை

என் எழுத்தை ஒரு வரிகூடப் படிக்காமல் அதன் அருமையை உணர்ந்த ஒரே ஆள், என் அக்காவுக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை. காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. இணையத்தில் என் பக்கத்தில் நான் எதைப் போட்டாலும், மறுநாள் காலை பேருந்தில் உட்கார்ந்தபடியே அதை அப்படியே அள்ளித் தன் பக்கத்தில் தன் பெயரில் கொட்டிவிடுவார். ஒரே ஒரு திருத்தம்தான்: 'கல்லூரி' என்று வரும் இடமெல்லாம் 'அலுவலகம்' ஆகிவிடும். அதனால் அவருடைய அலுவலகத்தில் விடுதி உண்டு, வார்டன் உண்டு, பிட் அடித்து மாட்டியவனும் உண்டு. வாசகர்கள் அதைப் புதுமை என்றார்கள். எனக்கு நாற்பது பேர், அவருக்கு நாலாயிரம் பேர்.

அக்கா கவிழ்ந்ததே அந்த எழுத்தில்தான். என் பக்கத்தை அவள் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. கூடப் பிறந்தவன் எழுதுவதை யார் படிப்பார்கள்? ஒருநாள் இரண்டு பக்கத்தையும் திறந்து காட்டினேன்.

"பாருக்கா, எழுத்துக்கு எழுத்து ஒண்ணு. நான் போட்டது நேத்து. அவர் போட்டது இன்னைக்கு."

"தேதியை மாத்தறதெல்லாம் உனக்கு ஒரு வேலையாடா? அவர்கிட்ட ஏற்கெனவே கேட்டுட்டேன். 'சின்னப் பையன், ஆசையில எடுத்திருப்பான், விட்டுடு'ன்னார். அந்த மனசு யாருக்கு வரும்?"

திருடன் என்னை மன்னித்துவிட்டான்.

அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன். 'நான் ஏன் இவளைக் கட்டிக்கொள்கிறேன்' என்று தலைப்பு. ஒரு மாப்பிள்ளை பேசுகிறான். பெண்ணுக்கு, என் அக்காவைப் போலவே, முன்பல் ஒன்று கோணல். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, கண்ணாடி முன்னால் வாயைத் திறக்காமல் சிரித்துப் பழகுகிறாள். 'இரண்டு பேர் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போனதால் எனக்குச் சல்லிசாகக் கிடைத்தாள். போகப்போகப் பழகிவிடும், கீறல் விழுந்த பீரோவைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துக்கொள்வது மாதிரி.' நான் எழுதியதிலேயே சிறந்தது அதுதான். என் கணக்கு எளிமையானது: அக்கா சட்டையைப் பிடிப்பாள், அவர் 'ஐயோ, உன் தம்பி எழுதினது' என்று கதறுவார், என் எழுத்து என் கைக்கு வந்துவிடும்.

அவர் வழக்கம்போல அள்ளினார், கொட்டினார். அக்கா வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் மதியத்துக்குள் எல்லோரும் படித்துவிட்டார்கள். அவள்தான் கடைசி.

சாயங்காலம் மாப்பிள்ளையை வரவழைத்தார்கள். லிஃப்ட் மெக்கானிக்கான அப்பா, கிரீஸ் கையைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்தார்.

"இது நீங்க எழுதினதா மாப்பிள்ளை? இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இத்தோட விட்டுடலாம்."

"எங்கயோ இருந்ததை எடுத்துப் போட்டேன்னு சொல்லுங்க," என்றாள் அக்கா. "நான் நம்பறேன்."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. 'நான் எழுதவில்லை' என்று சொன்னால் பெண் கிடைப்பாள், நாலாயிரம் பேர் போய்விடுவார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நான்தான் எழுதினேன் மாமா. எழுதறவன் உண்மையை மறைக்கக் கூடாது."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அக்கா அழவில்லை. மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"குழாயைத் திறந்துவிடற விஷயம் இவருக்கு எப்படிடா தெரியும்?"

நான் எழுதினேன் என்று சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைக்காது. எவ்வளவு நாள் ஏங்கிய கேள்வி. அப்பாவின் கையைப் பார்த்தேன். பெரிய கை.

"பேச்சுவாக்குல நான்தான் சொல்லியிருப்பேன்க்கா," என்றேன். "அதை இப்படி எழுதுவார்னு நினைக்கலை."

கல்யாணம் இல்லை என்று அப்பா சொல்லிவிட்டார். அக்கா மாப்பிள்ளையிடம் எதுவும் கேட்கவில்லை. அன்றிலிருந்து என்னிடமும் எதுவும் கேட்பதில்லை. மாப்பிள்ளையை வாசல்வரை கொண்டுபோய் விட்டது நான்தான். செருப்பை மாட்டிக்கொண்டே கைபேசியை ஒருமுறை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

"இப்பதான் முழுசாப் படிச்சேன் மச்சான். கடைசிப் பத்தி கொஞ்சம் இழுவை," என்றார். "அடுத்ததுல சுருக்கிடு."