பம்பாய் போய் வந்த கோட்டு

மண்ணூர்பேட்டையிலிருந்து பூந்தமல்லிக்குப் பஸ்ஸில் போனால் ஒரு தூக்கம் போடலாம். எங்கள் கூரியரில் போனால் வழியில் பம்பாய் வரும்.

கம்பெனி விதி அது. மாலையில் கல்லூரி விட்டதும் நான் பார்சல் ஒட்டப் போன அந்தக் கிளையில், யாரும் மூளையைச் செலவழித்து ஊர் பிரிக்கக் கூடாது. வந்ததையெல்லாம் ஒரே பையில் கட்டி மீனம்பாக்கத்துக்கு அனுப்ப வேண்டும். ராத்திரி விமானத்தில் பை பம்பாய் போகும். நாட்டின் எல்லா ஊர்ப் பைகளையும் அங்கேதான் அவிழ்ப்பார்கள். ஓடும் பெல்ட்டின் இரு பக்கமும் ஆட்கள், ஆளுக்கு ஓர் ஊர். தன் ஊர்ப் பார்சல் வந்தால் எடுத்து, ‘பம்பாய்’ என்று அச்சடித்த சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, தன் பையில் போட வேண்டும். அடுத்தவன் ஊரைத் தொடக் கூடாது. விடிந்ததும் அந்தந்தப் பை அந்தந்த ஊருக்குப் பறக்கும். பக்கத்துத் தெருவுக்கு அனுப்பினாலும் இதே சுற்றுலாதான்.

இதைக் கேட்டுச் சந்தோஷப்பட்ட ஒரே வாடிக்கையாளர் சாதுல்லா பாய். தொழிற்பேட்டைப் பக்கம் தையல் கடை வைத்திருப்பவர். ஞாயிற்றுக்கிழமை அவர் மகள் ஜரினாவுக்குப் பூந்தமல்லியில் நிக்காஹ். மாப்பிள்ளைக் கோட்டு பெண் வீட்டுப் பொறுப்பு. மாப்பிள்ளையின் அம்மா நசீம் பானு நிச்சயத்தன்றே சொல்லிவிட்டார், மூத்த மருமகள் வீட்டிலிருந்து பம்பாய்க் கோட்டு பிளேனில் வந்தது என்று. உள்ளூர்த் தையல் போனால் ஜரினா ஆயுசுக்கும் பேச்சுக் கேட்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், தானே தைத்த கோட்டோடு பாய் வந்தார்.

“பூந்தமல்லிக்கா? என் ஊடே அங்கதான் கீது பாய். போறப்போ குட்துட்டுப் போறேன்” என்றார் வேன் டிரைவர் துலுக்கானம்.

பாய் பார்சலை மார்போடு அணைத்துக்கொண்டார். “நல்லாருப்பே, அந்த உதவிய மட்டும் பண்ணிடாத. இது பம்பாய் போயே ஆகணும்.”

“இன்னாத்துக்கு?”

“ஸ்டிக்கருக்கு.”

துலுக்கானம் என் பக்கம் திரும்பினார். “படிக்கிற புள்ள, நீ சொல்லு மாமே. எனுக்குப் புரியலையா, இவருக்கு முத்திப்போச்சா?”

நான் ரசீது போட்டேன்.

சனிக்கிழமை காலையில் பை வந்தது. கோட்டு வரவில்லை.

“பம்பாய்ல மழையாம். மிச்சம் அடுத்த பிளேன்ல வருதாம்” என்றார் துலுக்கானம்.

பாய் எங்கள் பெஞ்சில் உட்கார்ந்தார்.

“வேற கோட்டு எதுனா இருக்கா பாய்?” என்றேன்.

“இருந்த நல்ல துணி எல்லாம் அதுலதான் தம்பி.”

டீ வந்தது, ஆறியது. “அந்த பெல்ட்டுல நம்ம ஊருக்குன்னு நிக்கிறாரே, நல்ல மனுசனா?”

“தெரியாது பாய்.”

“நல்லவராத்தான் இருப்பாரு. அவருக்கும் பொண்ணு கிண்ணு இருக்கும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பொழுது சாயும் நேரத்தில் அடுத்த பை வந்தது. கோட்டுப் பார்சல் மேலேயே இருந்தது, சிவப்பு ஸ்டிக்கரோடு. மண்ணூர்பேட்டை என்று போட்ட எங்கள் கிளைச் சீட்டை மட்டும் பாய் நகத்தால் பதமாக உரித்தெடுத்தார். துலுக்கானமும் நானும் வேனில் கொண்டுபோய்க் கொடுத்தோம். நசீம் பானு அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டு ஸ்டிக்கரைப் படித்துக் காட்டினார்.

மறுநாள் பிரியாணிப் பந்தியில் நான் இருந்தேன்.

“பாத்தீங்களா சம்பந்தி, தோள்பட்டை எப்படி உக்காந்திருக்கு! நம்ம ஊரு தையக்காரங்களுக்கு இது வருமா?” என்றார் நசீம் பானு.

“எங்க வரும்!” என்றார் பாய். இதைவிடப் பெரிய பாராட்டு அவருக்கு அதற்குமுன் கிடைத்ததில்லை. வாங்கி வைத்துக்கொள்ளத்தான் முடியவில்லை.

அடுத்த மாதம் கோட்டில் ஒரு பட்டன் விழுந்தது. நசீம் பானு மருமகளையும் அழைத்துக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். அளவுச் சட்டையோடு நானும் அங்கே நின்றிருந்தேன்.

“பம்பாய்க்காரன் கை மாதிரி வராதுதான். உங்களால முடிஞ்சதைப் பண்ணுங்க.”

பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் தையலை வெகுநேரம் ஆராய்ந்தார்.

“அவசரத்துல தச்சிருக்கான் படவா” என்றார்.

மாமியாருக்குப் பின்னால் நின்ற ஜரினா, துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள்.