கூடைக்கு மேலே இருந்த சங்கரா

முனைவர் குணசேகரன் வகுப்பறைச் சுவரில் ஓர் அட்டையை அச்சடித்து ஒட்டியிருந்தார்: 'அறிமுகப் புள்ளியியல் வகுப்பு: 97 சதவீத மாணவர்களுக்கு மனநிறைவு.' முதல் பெஞ்சில் பத்துப் பேரிடம் மட்டும் படிவம் கொடுத்து வாங்கிய கணக்கு. பத்துப் பேரில் 97 சதவீதம் எப்படி வரும் என்று புள்ளியியல் பேராசிரியரிடம் யார் கேட்பது? கடைசி பெஞ்சு வரை நடக்க அவருக்கு முழங்கால் வலி.

அந்தக் கடைசி பெஞ்சில் முகத்துவாரக்குப்பத்து வினிதா. போன பருவத்தில் இதே தாளில் தோற்றவள். இன்னொரு முறை தோற்றால் படிப்பு போதும், அம்மாவோடு மீன் விற்க உட்கார் என்று அப்பா பொன்னுரங்கம் சொல்லிவிட்டார். அவளுக்கு மிச்சமிருந்தது இருபத்தைந்து மதிப்பெண் செய்முறை. முப்பது பொருளை அளந்து, சராசரி கண்டு, வகுப்பில் விளக்க வேண்டும். பத்து எடுத்தால் தேர்ச்சி.

சனிக்கிழமை காலை மார்க்கெட்டில், அம்மாவின் கூடைக்கு மேலே இருந்த முப்பது சங்கரா மீனை ஸ்கேல் வைத்து அளந்தாள். சராசரி இருபத்திரண்டு சென்டிமீட்டர். அடிக்கோடு போட்டு முடிக்கும்போது, வாடிக்கைக்கார ராமசெல்வி வந்து, மேல் மீன் எதையும் தொடாமல், முழங்கை வரை கையை உள்ளே விட்டு அடியிலிருந்து ஒன்றை உருவினாள். உள்ளங்கை நீளம்கூட இல்லாத அதை வினிதாவிடம் நீட்டினாள்.

"மேல கீறத அளந்துகினு இன்னாடி படிப்பு? அத்த அடுக்குனதே நீதானே."

உண்மைதான். பெரிய மீனை மேலே அடுக்குவது விவரம் தெரிந்த நாளிலிருந்து வினிதாவின் வேலை. ஊரை ஏமாற்ற அடுக்கிய கூடையில் அவளே ஏமாந்திருந்தாள். கூடையைத் தார்ப்பாயில் கொட்டிக் கலைத்து, ஐந்துக்கு ஒன்றாக முப்பது எடுத்து மறுபடி அளந்தாள். சராசரி பதினாறு.

திங்கட்கிழமை இரண்டு சராசரியையும் கரும்பலகையில் எழுதினாள். முனைவர் அறிவியலின் மேன்மை பற்றி ஆங்கிலத்தில் ஐந்து நிமிடம் பேசிவிட்டு, இதில் எது சரி என்று கேட்டார்.

"பதினாறுதான் சார். மொதல்ல மேல கீறத மட்டும் அளந்துட்டேன். அதெல்லாம் பார்வைக்கு நல்லா இருக்கணும்னு நானே பொறுக்கி வச்சது. அதுங்களையே கேட்டா, கூடையே நல்லா கீதுன்னுதான் சொல்லும்."

வகுப்பு மொத்தமும் சுவரிலிருந்த அட்டையைப் பார்த்தது. மதிப்பெண் கவலையில் வினிதா மட்டும் பார்க்கவில்லை. முனைவரும் திரும்பி, யாரோ எழுதியதைப் படிப்பவர்போல அதைப் படித்தார். முதல் பெஞ்சு குனிந்து பேனா தேடியது.

பத்தொன்பது போட்டார். மீதி ஆறு அவருடைய மரியாதைக்குக் கழித்தது என்று வைத்துக்கொள்வோம். வியாழக்கிழமை அட்டை இருந்த இடத்தில் பசைத் தடம்தான் இருந்தது. முழங்காலைப் பிடித்தபடி அவர் கடைசி பெஞ்சு வரை நடந்து, வருகைப் பதிவேட்டில் ஐந்துக்கு ஒருவராகப் படிவம் கொடுத்தார்.

பொன்னுரங்கம் மட்டும் அந்த ஆறு எங்கே என்று விசாரித்தார். ஆனால் அடுத்த சனிக்கிழமை மகளைப் படிக்க உட்காரவைத்துவிட்டு, கூடையை அவரே அடுக்கினார். பழக்கமில்லாத கை, சின்னதெல்லாம் மேலே வந்துவிட்டது.