திங்கட்கிழமைப் படத்திறப்பு

அக்காவின் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்த மறுநாளே பூமாலை என் நோட்டுப் புத்தகக் கடைக்கு வந்துவிட்டார். கையில் படத்திறப்பு நோட்டீஸின் மாதிரி.

எங்கள் வீட்டில் இறந்தவர்கள் படத்தை மாட்டும் வழக்கம் இல்லை என்றேன். தலையாட்டினார். அக்காவுக்குப் படம் எடுத்துக்கொள்வதே பிடிக்காது என்றேன். அதற்கும் தலையாட்டினார்.

"சரி பாய். மாலை வேணாம், ஊதுவத்தி வேணாம், குத்துவெளக்கும் வேணாம். படத்த மட்டும் தொறந்துடலாம். அதுவும் இல்லாங்காட்டி வர்ற ஜனம் இன்னாத்தப் பாக்கும்?"

எனக்குப் பதில் எப்போதுமே தாமதமாகத்தான் வரும். அது வருவதற்குள் அவர் என் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போய்விட்டார்.

பூமாலை கெட்டவராக இருந்தால் சண்டையாவது போடலாம். வடக்கனந்தலில் கரும்பு போடுகிறவர். அவர் குத்தகை நிலத்தை ஒருவர் பிடுங்கப் பார்த்தபோது அக்காதான் கூடவே அலைந்து மீட்டுக் கொடுத்தாள். அந்த நன்றி அவரை இருபது வருடமாகத் தூங்கவிடவில்லை. இப்போது என்னையும்.

அக்கா ஜீனத்துன்னிசா எட்டாவது வரை படித்தவள். அத்தாவின் மண்டிக்குக் கல்வராயன் மலையிலிருந்து புளியும் கடுக்காயும் கொண்டுவந்த ஒரு பெண், ரேஷன் கார்டில் தன் பெயரை ஏன் அடித்தார்கள் என்று ஒரு காகிதத்தை நீட்டிக் கேட்டாள். அக்கா படித்துப் பார்த்தாள். அந்தப் பெண் இறந்துவிட்டதாக எழுதியிருந்தது. அவளைக் கூட்டிக்கொண்டு தாலுகா அலுவலகத்துக்குப் போனவள், அதற்குப் பிறகு முப்பத்தோரு வருடம் மனு வாங்கும் திங்கட்கிழமைகளில் வீட்டில் இருந்ததில்லை. யாருக்கும் அரிசி கொடுத்ததில்லை, புடவை கொடுத்ததில்லை. தூக்குவாளியில் சோறு எடுத்துக்கொண்டு போய், அவர்களுக்கு வரவேண்டியது வரும்வரை அலுவலகத்துப் புங்கமரத்தடியில் கூடவே உட்கார்ந்திருப்பாள். அவ்வளவுதான் அவள் செய்தது.

அவளுக்குத்தான் கல்யாண மண்டபத்தில் புடவை வழங்கும் விழா. அதுவும் ஒரு திங்கட்கிழமையில். அன்று முகூர்த்தம் இல்லையாம், மண்டபம் சும்மா கிடைத்ததாம்.

நோட்டீஸ் அச்சாகும் முன் பூமாலை என்னைத் திருத்திக் கொடுக்கச் சொன்னார். 'ஜீனத் நிஷா' என்றிருந்ததை அடித்துச் சரியாக எழுதினேன். மற்றதைப் படிக்கவில்லை. நாள் முழுக்கக் கடையில் உட்கார்ந்து புத்தகம் படிக்கிறவன் என்று ஊரில் எனக்குப் பெயர்.

திங்கட்கிழமை பத்தேகாலுக்கு மண்டபத்துக்குப் போனேன். மலையிலிருந்து இரண்டு வேன்களில் ஆட்களை இறக்கியிருந்தார்கள். எல்லோருக்கும் அன்றைய நூறுநாள் வேலை போயிற்று. முன்வரிசையில், நெஞ்சில் குத்திய ரிப்பன் பூவோடு குஞ்சம்மாள் உட்கார்ந்திருந்தார். அக்கா கடைசியாக மனு எழுதிக் கொடுத்தது இவருக்குத்தான். கையில் வைத்திருந்த நோட்டீஸை என்னிடம் நீட்டினார்.

"எம் பேரு எங்க கீது, காட்டு பாய்."

காட்டினேன். 'நன்றியுரை: திருமதி குஞ்சம்மாள், அம்மையார் பெற்றுத் தந்த விதவை உதவித்தொகையால் வாழ்வு பெற்றவர்.'

"பணம் வந்துடுச்சாங்க?"

"எங்க வந்துது? இன்னிக்கித்தான் விசாரிக்கக் கூப்ட்டுகீறாங்க. பதினோரு மணிக்கு."

சுருக்குப்பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். மூன்றாவது அழைப்பு. முதல் தடவை மழையில் மண் சரிந்து பஸ் மலையிலிருந்து இறங்கவில்லை. இரண்டாம் தடவை அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தாள், கூட்டிப் போக ஆள் இல்லை. இந்த முறையும் வராவிட்டால் மனு தள்ளுபடி என்று கடைசி வரி சொன்னது. இரண்டு வருடம் காத்திருந்த மனு.

"அப்புறம் ஏன் இங்க உக்காந்துகீறீங்க?"

"இன்னா பாய் இப்பிடிக் கேக்கற? அம்மாவுக்கு விசேஷம். அத வுட்டுட்டு நான் எஞ்சோலியப் பாத்துக்கினு போவட்டுமா?"

எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. இவர்மேலா, பூமாலைமேலா, பாதி வேலையில் செத்துப்போன அக்காமேலா? மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பூமாலையிடம் போனேன்.

"வராத பணத்துக்கு எப்பிடிங்க நன்றி சொல்லுவாங்க?"

"வந்துடும் பாய். இதுவரைக்கும் அக்கா போட்ட மனு எது வராம போச்சி? அந்த நம்பிக்கையில போட்டேன்."

"பதினோரு மணிக்கு விசாரணை. நான் கூட்டிக்கினு போறேன்."

"அய்ய, படத்தத் தொறக்கற பெரியவர் சின்னசேலம் தாண்டிட்டாராம்! ஒனக்குத்தான் மொத பேச்சு பாய்!"

ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். பத்து ஐம்பதுக்கு அலுவலகத்தில் இருந்தோம். விசாரிக்க வேண்டிய ஆய்வாளரின் நாற்காலி காலியாக இருந்தது. பக்கத்து மேஜைக்காரர் நிமிராமல் சொன்னார்: "சார் மீட்டிங்குக்குப் போய்ட்டாரு. யாரோ ஒரு அம்மா, ஜனங்களுக்கு ரொம்ப செஞ்சாங்களாம். எறந்துட்டாங்க."

"இவங்க ஃபைலு?"

"இன்னிக்கி ஃபைலெல்லாம் அவர் பையிலதான். மீட்டிங் முடிஞ்சி அப்பிடியே ஃபீல்டு."

குஞ்சம்மாள் என் கையைத் தொட்டார். "நம்ப மீட்டிங்கா பாய்?"

திரும்பி வந்து ஏறி, மறுபடி மண்டபத்துக்கே போகச் சொன்னபோது ஆட்டோக்காரர் கேட்டார். "இன்னா பாய், செருப்ப அங்கியே வுட்டுட்டு வந்துட்டீங்களா?"

மேடையில் பொன்னாடையோடு மூன்றாவதாக உட்கார்ந்திருந்தார் ஆய்வாளர். காலடியில் பை. மேடைக்குக் கீழே நின்று கடிதத்தை நீட்டினேன்.

"நாளைக்கு வரச் சொல்லுங்களேன்."

"லெட்டர்ல இன்னிக்குன்னு போட்டுகீறீங்க, சார். இவங்க மலையில இருந்து வர்றவங்க."

குஞ்சம்மாளைப் பார்த்தார், திரையால் மூடிய படத்தைப் பார்த்தார். அக்கா உள்ளே வந்தால் நாற்காலியை விட்டு எழுந்து நிற்பவர் அவர். பையை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார்.

பந்திக் கூடத்தில் உட்கார்ந்தோம். பக்கத்தில் வாழையிலைக் கட்டுகள், சாம்பார் வாசனை. கணவர் இறந்து எத்தனை வருடம், பிள்ளைகள் உண்டா, யாராவது சோறு போடுகிறார்களா என்று கேட்டார். ஒரே மகள், கட்டிக்கொடுத்தாயிற்று, அவளே கேரளாவில் மிளகு பறிக்கிறாள் என்றார் குஞ்சம்மாள். எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவை நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்து நோட்டீஸை எடுத்தார்.

"இந்தம்மாவுக்கு ஏற்கெனவே பணம் வருதுன்னு இதுல போட்டிருக்கே. கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் குடுத்திருக்காங்க. நான் இன்னிக்கு பணம் வரலைன்னு எழுதிக் குடுத்தா, மேல ஒருத்தர் இதை எடுத்துக் காட்டுவாரு. அப்ப இந்த மனுவும் போச்சு, என் ரிப்போர்ட்டும் போச்சு."

"அது தப்பா அடிச்சது, சார்."

"அடிச்சவர் எழுதித் தரட்டும்."

வெளியே மைக்கில் பூமாலை என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "அம்மையாரின் இளவல் பக்கீர் முகமது அவர்கள் மேடைக்கு வரவும்." மூன்று முறை கூப்பிட்டுவிட்டு அவரே மூச்சு வாங்க வந்து நின்றார். விஷயத்தைச் சொன்னேன். முகம் சுருங்கிப் போயிற்று.

"நான் பொய் போட்டேன்னு என் கையால எழுதறதா? ஐந்நூறு நோட்டீஸ் பாய். பெரியவரு வேற வந்து எறங்கிட்டாரு."

இந்த முறை சொல்வதற்கு நிறைய இருந்தது. கடையில் சொல்லாமல் விட்டதும் அதோடு சேர்ந்துகொண்டது. வாயைத் திறந்தால் அவர் திரும்பிப் போய்விடுவார் என்று தெரிந்ததால் இலைக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே யாரோ வேட்டு வெடித்தார்கள். ஒரு படத்திறப்புக்கு வேட்டு எதற்கு என்று கேட்க அங்கே யாரும் இல்லை.

"பேனாவக் குடுங்க," என்றார் பூமாலை.

நோட்டீஸின் பின்பக்கத்தில் நின்றபடியே எழுதினார். 'மேற்படி குஞ்சம்மாளுக்கு உதவித்தொகை வரவில்லை. வந்ததாக நான் போட்டது தவறு.' கையெழுத்து போட்டுவிட்டுத் தாளைத் திருப்பிப் பார்த்தார். அதன் முன்பக்கத்தில் அவர் படமும் இருந்தது.

ஆய்வாளர் அதைக் கோப்பில் வைத்துக் கட்டி, குஞ்சம்மாளிடம் கட்டைவிரல் ரேகை வாங்கிக்கொண்டார். "பணம் வரவேண்டியவங்கதான்னு எழுதிட்டேன். மேல அனுப்பறேன்."

"வந்துடுமா?"

"அனுப்பறேம்மா."

குஞ்சம்மாள் மை ஒட்டிய விரலைச் சுவரில் தேய்த்துக்கொண்டே பூமாலையைப் பார்த்தார். "அப்ப நான் மேடையில இன்னா சொல்றது? வந்துடுச்சுன்னா, வரலன்னா?"

பூமாலை என்னைப் பார்த்தார். நான் அவரையே பார்த்தேன்.

"உள்ளதச் சொல்லு," என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

பெரியவர் படத்தைத் திறந்தார். பிறகு என் முறை வந்தது. வந்தவர்களுக்கு வணக்கம் சொன்னேன், அதற்குமேல் வரவில்லை, இறங்கிவிட்டேன். அடுத்துக் குஞ்சம்மாள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு இன்னும் பணம் வரல. இப்பதான் சோத்துக் கூடத்துல வச்சிக் கேட்டாங்க. ஜீனத்தம்மா இருந்திருந்தா இன்னிக்கி என்ன இங்க உக்கார வுட்டிருக்காது, அங்க போடின்னு தொரத்தியிருக்கும்." கொஞ்சம் யோசித்தார். "இங்க இன்னும் பதினோரு பேருக்கு வரல. பேரு சொல்லட்டுமா?"

கூட்டம் கைதட்டியது. பெரியவர் அவருக்குக் கொடுக்கப் பிரித்த புடவையோடு எழுந்து நின்றுகொண்டிருந்தார். குஞ்சம்மாள் அவரை உட்காரச் சொல்லிக் கைகாட்டிவிட்டு, முதல் பெயரைச் சொன்னார்.